சட்டக் கேள்வி விசுவாசக் கேள்வியாக மாறும் இடம்: மதமும் தேசிய அடையாளமும் ஊடக விவாதங்களில்

மதம் தொடர்பான ஒரு செய்தி வெடித்த அன்று மாலை விவாத நிகழ்ச்சிகளைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தென்படும். பேச வந்த நால்வரும் அரசமைப்புச் சட்டத்தை மேற்கோள் காட்டுவார்கள். நாடு மதச்சார்பற்றது என்பதில் நால்வருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. ஆனாலும் ஒரே சட்டத்திலிருந்து நேரெதிர் முடிவுகளுக்குப் போய்ச் சேருவார்கள். பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

அவர்கள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் 'அரசு இதைச் செய்யலாமா' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார். இன்னொருவர் 'இவர்கள் நம்மவர்களா' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார். முன்னதற்குச் சட்டப்பிரிவு உண்டு, தீர்ப்பு உண்டு, முடிவு என்று ஒன்று உண்டு. பின்னது நாட்டின் மீதான விசுவாசத்தைச் சோதிக்கும் கேள்வி, அதற்கு எந்த நீதிமன்றத்திலும் விடை கிடையாது. அதனால்தான் அதை எத்தனை மாலைகள் வேண்டுமானாலும் பேசிக்கொண்டே இருக்க முடிகிறது. முதல் கேள்வி இரண்டாவதாக எப்படி உருமாறுகிறது என்பதைச் சில நாடுகளின் அனுபவத்தை வைத்துப் பார்க்கலாம்.

மதச்சார்பின்மை: கடமை யாருடையது?

அடிப்படை இதுதான். மதச்சார்பின்மை அரசின் கைகளைக் கட்டும் விதி. குடிமக்கள் மத நம்பிக்கையைக் கைவிட வேண்டும் என்றோ, வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டும் என்றோ அது சொல்வதில்லை. அரசின் கைகளை எப்படிக் கட்டுவது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு.

1. பிரான்ஸ்: 1905 டிசம்பர் 9-ஆம் தேதிச் சட்டம் இரண்டு வாக்கியங்களில் விஷயத்தை முடிக்கிறது. மனச்சாட்சியின் சுதந்திரத்துக்குக் குடியரசு உறுதியளிக்கிறது. எந்த மதத்தையும் குடியரசு அங்கீகரிக்காது, சம்பளம் தராது, மானியம் தராது.

2. அமெரிக்கா: 1791-இல் வந்த முதல் திருத்தத்தின்படி, நாடாளுமன்றம் ஒரு மதத்தை நிறுவும் சட்டமும் இயற்றக்கூடாது, மத வழிபாட்டைத் தடுக்கும் சட்டமும் இயற்றக்கூடாது.

3. இந்தியா: இங்கே அரசு விலகி நிற்பதில்லை, தேவைப்பட்டால் உள்ளே வரும். 25 முதல் 28 வரையிலான பிரிவுகள் மதச் சுதந்திரத்தைத் தருகின்றன. அதே 25-ஆம் பிரிவு, இந்துக் கோயில்களை எல்லாச் சாதியினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கிறது. தமிழ்நாட்டில் கோயில் நிர்வாகத்தை மேற்பார்வையிட அரசுத் துறையே இருக்கிறது.

இந்தியாவைப் பற்றிய விவாதங்களில் தவறாமல் வரும் ஒரு வாதத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 'மதச்சார்பற்ற' என்ற சொல்லை 1976-இல் 42-ஆவது திருத்தம்தான் முகவுரையில் சேர்த்தது, ஆகவே அது இடையில் நுழைந்த சரக்கு என்பார்கள். சேர்க்கப்பட்ட ஆண்டு சரிதான். 1948-இல் அரசமைப்பு அவையில் கே.டி. ஷா அந்தச் சொல்லைச் சேர்க்கக் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை என்பதும் உண்மை. ஆனால் அரசைக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் 1950 முதலே நடப்பில் இருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்காக யாரையும் வரி கட்ட வற்புறுத்த முடியாது என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்கிறது 28-ஆம் பிரிவு. 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, மதச்சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது திருத்தத்தாலும் நீக்க முடியாத பகுதியைச் சேர்ந்தது என்றது. முகவுரையில் சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசின் கடமை மாறாது.

விவாதங்களில் 'அசல் மதச்சார்பின்மை' என்று உதாரணம் காட்டப்படும் பிரான்சிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. அல்சாஸ் மற்றும் மொசெல் பகுதிகள் 1905-இல் ஜெர்மனி வசம் இருந்தன. பிரான்சுக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சட்டம் அங்கே நீட்டிக்கப்படவில்லை. அங்குள்ள பாதிரியார்களுக்கும் யூத ரபிகளுக்கும் இன்றும் அரசுதான் சம்பளம் தருகிறது. கலப்பில்லாத மாதிரி எந்த நாட்டிலும் கிடையாது.

தேசிய அடையாளம்: எழுதியதும் எழுதாததும்

ஒரு நாட்டின் உறுப்பினர் யார் என்பதற்கு இரண்டு அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று குடியுரிமை: சட்டத்துக்கு உட்பட்டவர், உரிமைகள் உடையவர், அவ்வளவே. மற்றொன்று பண்பாடு: மொழி, பூர்விகம், வழக்கங்கள், பல நேரங்களில் மதம்.

சில நாடுகள் இரண்டாவது அளவுகோலைச் சட்டத்திலேயே எழுதிவிடுகின்றன. மலேசிய அரசமைப்பின் 160-ஆம் பிரிவு, மலாய்க்காரர் என்பவர் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர் என்று வரையறுக்கிறது. இலங்கை அரசமைப்பின் 9-ஆம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அங்கே சர்ச்சை வந்தால் எதிர்க்கவோ ஆதரிக்கவோ கையில் ஒரு வாசகமாவது இருக்கும். மதச்சார்பற்ற நாடுகளில் அப்படி எழுதியிருக்காது. ஆனால் அந்த எண்ணம் மட்டும் மறைவதில்லை. அது சட்டப் புத்தகத்துக்கு வெளியே, தலையங்கங்களிலும் மேடைகளிலும் விவாத அரங்குகளிலும் வாழ்கிறது. அதன் முதன்மையான இருப்பிடமாக ஊடகம் ஆகிவிடுவது இதனால்தான்.

கடமை கைமாறுகிறது: அங்கியிலிருந்து முக்காடு வரை

1905-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அந்தச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, பாதிரியார்கள் பொது இடத்தில் அங்கி அணிவதைத் தடைசெய்ய வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது. சட்டத்தை முன்நின்று நடத்திய அரிஸ்தீத் பிரியான் அதை எதிர்த்தார். அவை அதை நிராகரித்தது. தெருவில் நடப்பவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்பது குடியரசின் வேலையல்ல என்பதே அன்றைய நிலைப்பாடு.

1989-இல் பாரிசுக்கு வடக்கே உள்ள கிரேய் நகரில் முக்காடு அணிந்து வந்த மூன்று மாணவிகளைப் பள்ளி வகுப்பில் சேர்க்க மறுத்தது. நாடு முழுக்கச் செய்தியானது. அரசு கருத்துக் கேட்டபோது, உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்செய் தெத்தா, மத அடையாளம் அணிவது மட்டுமே மதச்சார்பின்மைக்கு முரணாகாது, மற்றவர்களை வற்புறுத்தினாலோ வகுப்பைக் குலைத்தாலோதான் பிரச்சினை என்றது. 1905-இன் தர்க்கம் அப்போதும் உயிரோடு இருந்தது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2004 மார்ச்சில், அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் வெளிப்படையான மத அடையாளம் அணிவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதில் சீக்கியர்களின் தலைப்பாகையும் மாட்டிக்கொண்டது. 2010-இல் பொது இடங்களில் முகத்தை மறைப்பதற்குத் தடை வந்தது. 2016 கோடையில் சில கடற்கரை நகராட்சிகள் உடலை மூடும் நீச்சலுடையைத் தடைசெய்ய, அதை மட்டும் கொன்செய் தெத்தா நிறுத்திவைத்தது.

2004-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வலுவான ஆதரவு வாதங்கள் உண்டு. முக்காடு அணியச் சொல்லி வீட்டிலும் தெருவிலும் அழுத்தத்துக்கு உள்ளாகும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி ஓர் அடைக்கலமாக வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. நான் இங்கே கவனிக்கச் சொல்வது வேறு: நடுநிலை காக்க வேண்டியவர் ஆசிரியர், அதாவது அரசு ஊழியர் என்று இருந்த விதி, நடுநிலை காக்க வேண்டியவர் மாணவி என்று ஆகிவிட்டது. அந்தப் பதினைந்து ஆண்டு விவாதங்களின் ஊடாகக் கேள்வி இடம் பெயர்ந்திருக்கிறது.

பெரும்பான்மையின் மதம் 'பண்பாடு' ஆகும்போது

இந்த இடப்பெயர்ச்சிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. சிறுபான்மையின் வழக்கம் 'மதம்' என்ற கணக்கில் வரவு வைக்கப்படும்போது, பெரும்பான்மையின் சின்னம் 'பண்பாடு' என்ற கணக்குக்கு மாற்றப்படும்.

இத்தாலி அரசுப் பள்ளி வகுப்பறைகளில் சிலுவை உருவம் மாட்டியிருப்பதை ஒரு தாய் எதிர்த்தார். 2005-இல் வெனெத்தோ மாகாண நிர்வாக நீதிமன்றம், சிலுவை இத்தாலியின் வரலாற்றையும் பண்பாட்டையும் குறிக்கும் சின்னம், அரசின் மதச்சார்பற்ற விழுமியங்களையே அது குறிக்கிறது என்கிற அளவுக்குப் போனது. 2009-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் சிறு அமர்வு, இது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. 2011-இல் பேரமர்வு 15-க்கு 2 என்ற கணக்கில் அதை மாற்றியது. சுவரில் மாட்டியிருக்கும் சிலுவை ஒரு செயலற்ற சின்னம் என்றது.

உண்மையான பக்தர்கள் இந்த வாதத்தால் புண்பட்டிருக்க வேண்டும். தங்கள் மீட்பரின் உருவம் வெறும் தேசிய அலங்காரம் என்று சொல்லித்தான் வழக்கு வென்றது.

கனடாவின் கியூபெக்கில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. சட்டமன்றத்தில் அவைத் தலைவர் இருக்கைக்கு மேலே 1936 முதல் ஒரு சிலுவை உருவம் இருந்தது. அதை அகற்றலாம் என்று 2008-இல் ஓர் ஆணையம் பரிந்துரைத்தபோது, அது எங்கள் மரபு என்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டுக் காப்பாற்றியது. 2019 ஜூனில் ஆசிரியர்கள், காவலர்கள், அரசு வழக்கறிஞர்கள் உள்ளிட்டோர் பணியில் மத அடையாளம் அணியத் தடைவிதிக்கும் 21-ஆவது மசோதா நிறைவேறியது. அதற்கு அடுத்த மாதம்தான் அந்தச் சிலுவை கீழே இறங்கியது.

ஒரு பட்டாணி சூப்பும் பத்து நிமிடத் தொழுகையும்

கியூபெக்கின் அந்த ஆணையத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வரலாற்றாய்வாளர் ஜெரார் புஷார், தத்துவப் பேராசிரியர் சார்ல்ஸ் டெய்லர் இருவரின் தலைமையில் 2007-இல் அமைக்கப்பட்டது. சிறுபான்மையினருக்கு அளவுக்கு மீறி விட்டுக்கொடுக்கிறோம், நம் அடையாளம் கரைகிறது என்று அப்போது ஊடகங்களில் பெரும் கொந்தளிப்பு. ஆணையம் ஊடகத்தில் அதிகம் பேசப்பட்ட 21 சம்பவங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் உண்மையில் என்னதான் நடந்தது என்று தோண்டிப் பார்த்தது. 15 சம்பவங்களில், மக்கள் நம்பியதற்கும் நடந்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தது.

ஒன்றை மட்டும் பார்ப்போம். மேப்பிள் பாகு காய்ச்சும் பண்ணை உணவகங்கள் கியூபெக் பண்பாட்டின் செல்லப்பிள்ளைகள். வசந்த காலத்தில் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். பன்றி இறைச்சி போட்ட பட்டாணி சூப், பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. 2007-இல் மோன்-செயின்-கிரெகுவார் என்ற ஊரில் இருந்த ஒரு உணவகத்தைப் பற்றிப் பரவிய கதை இது: முஸ்லிம்கள் கூட்டமாக வந்து மெனுவை மாற்றச் சொன்னார்கள், மற்ற வாடிக்கையாளர்களும் பன்றி இறைச்சி இல்லாத சூப்பைத்தான் குடிக்க வேண்டியதாயிற்று, பிறகு ஆட்டம் நடந்துகொண்டிருந்த கூடத்துக்குள் புகுந்து, பாட்டை நிறுத்தித் தொழுதார்கள், ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

ஆணையம் கண்டறிந்தது வேறு. வந்தவர்கள் ஒரு முஸ்லிம் சங்கத்தினர். வருவதற்கு ஒரு வாரம் முன்பே அந்தச் சங்கத்தின் பிரதிநிதி உரிமையாளர்களைச் சந்தித்துப் பேசியிருந்தார். மாற்றிய உணவு அந்தக் குழுவுக்கு மட்டும். ஹலால் இறைச்சியை அவர்களே தங்கள் செலவில் கொண்டுவந்தார்கள். தங்களுக்கென்று ஒதுக்கிய அறையில்தான் தொழுவதற்காக மேசைகளை நகர்த்தினார்கள். ஆனால் வெளியே ஏறத்தாழ 300 பேர் இடத்துக்காகக் காத்திருந்தார்கள். அறை சீக்கிரம் காலியானால் தேவலை என்று நினைத்த நிர்வாகமே, ஆட்டக்கூடத்தில் தொழுதுகொள்ளச் சொன்னது. 650 பேர் கொள்ளும் அந்தக் கூடத்தில் அப்போது 30 பேர்தான் இருந்தார்கள். பாட்டை நிறுத்தியதும் நிர்வாகம்தான். தொழுகை பத்து நிமிடத்துக்குள் முடிந்தது, பாட்டு மறுபடி தொடங்கியது. யாரையும் யாரும் வெளியேற்றவில்லை.

ஒரு வியாபாரி கூட்டத்தைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு 'நம் பண்பாடு பறிபோகிறது' என்ற செய்தியாக மாறியிருக்கிறது. இதில் அரசு எங்குமே இல்லை. சட்டம் எங்குமே இல்லை. மதச்சார்பின்மையைப் பற்றிய கேள்வியே எழவில்லை. விவாதம் மட்டும் மதச்சார்பின்மையின் பெயரால் நடந்தது.

இந்தியாவிலும் இதற்கு நிகரான ஒன்று நடந்தது, விளைவு மட்டும் பல மடங்கு கடுமை. 2020 மார்ச் மாதம் டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் மத அமைப்பின் கூட்டத்தில் பங்கேற்றவர்களிடையே கொரோனா பரவியது உண்மை. கூட்டம் கூடலாமா, அனுமதித்தது யார் என்பவை நியாயமான கேள்விகள். அவை நிர்வாகக் கேள்விகள். சில நாட்களுக்குள் பல அலைவரிசைகளில் அது ஒரு சமூகமே திட்டமிட்டுச் செய்த சதியாகப் பேசப்பட்டது. வெளிநாட்டுப் பங்கேற்பாளர்கள் மீதான வழக்குகளை அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்த பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அச்சு மற்றும் மின்னணு ஊடகங்களில் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரச்சாரம் நடந்ததைக் குறிப்பிட்டு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்றது. தீர்ப்பு வந்தபோது செய்தி ஆறிப்போயிருந்தது.

அரங்கின் அமைப்பே பாதி வேலையைச் செய்கிறது

நெறியாளரின் சாய்வைக் குறை சொல்வது சுலபம். சாய்வே இல்லாத நெறியாளர் வந்தாலும் நிகழ்ச்சியின் அமைப்பு சில விளைவுகளைத் தந்தே தீரும்.

1. சமூகத்துக்கு ஒருவர் என்று அழைக்கிறார்கள். அழைக்கப்பட்டவரை அந்தச் சமூகம் தேர்ந்தெடுக்கவில்லை. கூச்சல் போடக்கூடியவர் திரும்பத் திரும்ப அழைக்கப்படுவார். ஒரு சமூகத்துக்குள்ளேயே இருக்கும் பத்து விதக் கருத்துகள் திரைக்கு வராது.

2. 'கண்டிக்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை' என்ற கேள்வி. எங்கோ யாரோ செய்த செயலுக்கு, அதே மதத்தில் பிறந்த ஒரே காரணத்தால், அரங்கில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். 'ஆம்' என்றால் அது அவருக்கும் அந்தச் செயலுக்கும் தொடர்பு இருப்பதை ஒப்புக்கொண்டது போலாகும். கேள்வியே தவறு என்று விளக்கப் போனால் நழுவுகிறார் என்று ஆகும். பெரும்பான்மை மதத்தைச் சேர்ந்த பங்கேற்பாளரிடம் இந்தக் கேள்வி அநேகமாக வருவதில்லை.

3. நேரம். சட்டப்பிரிவை விளக்க நான்கு நிமிடம் வேண்டும். கிடைப்பது நாற்பது வினாடி. நாற்பது வினாடியில் சொல்லி முடிக்கக்கூடியது விசுவாசத்தைப் பற்றிய வாக்கியம்தான்.

தேசிய கீதம்: மூன்று குழந்தைகளின் வழக்கு

கேள்வி இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தில் ஒரு தெளிவான உதாரணம் இருக்கிறது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று உடன்பிறப்புகள் பள்ளியில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். தங்கள் கடவுளைத் தவிர வேறெதற்கும் துதி பாடக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆண்டுக்கணக்கில் யாருக்கும் இது உறுத்தவில்லை. 1985-இல் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டது. இது தேசபக்தியற்ற செயல் என்று அவையில் எழுப்பினார். விசாரிக்க அமைக்கப்பட்ட குழு, பிள்ளைகள் சட்டத்தை மதிப்பவர்கள், கீதத்துக்கு அவமரியாதை செய்யவில்லை என்று அறிக்கை தந்தது. அறிக்கைக்குப் பிறகும் அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், கேள்வியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனது: கீதத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? இல்லை. பாடுவதைத் தடுப்பதும் குலைப்பதும்தான் குற்றம். எழுந்து நின்றவர்கள் இரண்டையும் செய்யவில்லை. பிள்ளைகளை மீண்டும் சேர்க்கச் சொன்னது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே பிரிவினரின் கொடி வணக்க வழக்கில் 1940-இல் எதிர்ப்பக்கம் நின்றது. தேச ஒற்றுமைக்காக மாணவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்றது, 8-க்கு 1. உலகப் போர்க் காலம் வேறு. தீர்ப்பைத் தொடர்ந்து பல ஊர்களில் அவர்கள் தாக்கப்பட்டார்கள். மேய்ன் மாநிலத்தில் கென்னபங்க் ஊரில் அவர்களின் வழிபாட்டுக்கூடம் எரிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, நீதிமன்றம் 6-க்கு 3 என்று தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது.

ஒழுங்குமுறை எங்கே நிற்கிறது?

இந்தியாவில் 1994-ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளின் நிகழ்ச்சி நெறி, மதங்களையோ சமூகங்களையோ தாக்கும் நிகழ்ச்சிகளைத் தடைசெய்கிறது. செய்தி அலைவரிசைகளின் சுயகட்டுப்பாட்டு அமைப்பும் புகார்களை விசாரிக்கிறது. விதிக்குப் பஞ்சமில்லை, வேகத்துக்குத்தான் பஞ்சம். 2020 செப்டம்பரில், முஸ்லிம்கள் குடிமைப் பணிகளுக்குள் ஊடுருவுகிறார்கள் என்று குற்றம்சாட்டிய ஒரு தொடரை உச்ச நீதிமன்றம் நிறுத்தியபோது நான்கு பகுதிகள் ஏற்கெனவே ஒளிபரப்பாகியிருந்தன. அதே சமயம், ஒளிபரப்புக்கு முன்பே தணிக்கை என்று போனால் அந்த அதிகாரம் அன்றைய அரசின் கைக்குப் போகும். இந்த இரண்டு தொல்லைகளுக்கு நடுவே நல்ல வழி இதுவரை யாருக்கும் அகப்படவில்லை.

ஒரு விவாதத்தைப் பிரித்துப் பார்த்தால்

2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்குக் குடியுரிமை பெறும் வழியை அது எளிதாக்கியது. அதைப் பற்றிய பேச்சில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடந்தன.

1. சட்டக் கேள்வி: மதத்தை வைத்துப் பிரிப்பது, எல்லோரையும் சமமாக நடத்தச் சொல்லும் 14-ஆம் பிரிவுக்கு ஒத்துப்போகிறதா? அந்த நாடுகளில் மதத்தால் துன்புறுத்தப்பட்டவர்கள் என்ற நோக்கம் அந்தப் பிரிவினைக்குப் போதுமான காரணமா?

2. கொள்கைக் கேள்வி: அகதிகளை ஏற்க ஏன் இந்த மூன்று நாடுகள் மட்டும்? ஏன் இந்தக் கெடு?

3. விசுவாசக் கேள்வி: எதிர்ப்பவர்கள் யார் பக்கம்?

மூன்றாவது கேள்வி ஒளிபரப்பு நேரத்தைத் தின்றபோது, தமிழ்நாட்டில் எழுந்த ஒரு கேள்வி இரண்டாவது வகையைச் சேர்ந்தது: பல பத்தாண்டுகளாக முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு இந்தச் சட்டத்தில் ஏன் இடமில்லை? அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், அதுவும் பட்டியலில் உள்ள மதம்தான். மதத்தின் கணக்குப்படி உள்ளே வர வேண்டியவர்கள், நாட்டின் கணக்கால் வெளியே நிற்கிறார்கள். 'இந்த மதத்தவரா, இந்த நாட்டவரா' என்று இரு கட்சி பிரித்து நடந்த விவாதத்தில் அவர்களை எந்தப் பக்கத்து நாற்காலியிலும் உட்காரவைக்க முடியவில்லை.